மைல் கணக்கு

டில்லி விமான நிலையத்தின் மூன்றாவது முனையத்தில் நள்ளிரவுக்குப் பிறகுதான் பொழுது விடிகிறது. ஐரோப்பா பக்கம் போகும் விமானங்கள் பெரும்பாலும் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் கிளம்புகின்றன. அந்த நேரத்தில் அங்கே போய் நின்றால், அமெரிக்காவில் இருக்கும் மகன் அல்லது மகள் வீட்டுக்குப் புறப்பட்ட நம் மத்தியதர வர்க்கத்துப் பெற்றோர்களை மொத்தமாகப் பார்த்துவிடலாம். புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. பெட்டியைச் சுற்றி நைலான் கயிறு, அதன் மேல் மார்க்கர் பேனாவால் எழுதிய பெயர். நன்றாக நடக்கக் கூடியவர்களுக்கும் ஒரு சக்கர நாற்காலி. கால் வலிக்காக அல்ல, நடுவில் விமானம் மாறும் ஊரில் வழி கேட்க வேண்டியிருக்குமே என்கிற பயத்துக்காக.

சென்ற அக்டோபரில் நானும் என் மனைவியும் அங்கே நின்றோம். சிகாகோவில் மகள் வீடு. மூன்றாவது முறை. அதே ஸ்போர்ட்ஸ் ஷூ, அதே நைலான் கயிறு. ஆனால் இந்த முறை வரிசை இல்லை. முதல் வகுப்பு கவுண்டருக்கு முன்னால் ஒரு சிவப்புக் கம்பளமும் ஒரு பூச்சாடியும்தான் இருந்தன. கம்பளத்தில் நாங்கள் கால் வைத்ததும் சீருடை அணிந்த இளைஞர் ஒருவர் ஓடி வந்து, மிகுந்த மரியாதையோடு, "சார், எகானமி அந்தப் பக்கம்" என்றார். நான் டிக்கெட்டை நீட்டினேன். அதற்குப் பிறகு அவர் முகம் போன போக்கை, சிகாகோ போய்ச் சேரும் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் என் மனைவி.

அவர் மேல் தப்பில்லை. அந்த இரண்டு டிக்கெட்டுகளைக் காசு கொடுத்து வாங்குவதென்றால் ஆகும் தொகை, 1991இல் மயூர் விஹாரில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டின் விலையைப் போல மூன்று மடங்கு. நான் கொடுத்தது வரிகளும் சில்லறைக் கட்டணங்களும் மட்டும். மீதியைக் கொடுத்தவை என் கணக்கில் இருந்த மைல்கள்.

விமான மைல் என்றால் என்ன என்று இப்போது யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிரெடிட் கார்டு விற்கும் பெண் குரல் மதியத் தூக்கத்தில் எழுப்பி அதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அதன் பூர்வ கதை சுவாரஸ்யமானது. 1978இல் அமெரிக்கா தன் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை விலக்கியது. ஆளுக்கு ஆள் கட்டணத்தைக் குறைத்துப் போட்டி போட்டார்கள். இன்று நம்மிடம் வந்தவர் நாளை ஐந்து டாலர் குறைவென்று அடுத்தவரிடம் போய்விடுகிறாரே, அவரைக் கட்டிப்போட ஒரு கயிறு வேண்டாமா? 1981 மே முதல் தேதியன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்தக் கயிற்றை வீசியது. பறக்கும் ஒவ்வொரு மைலும் பயணியின் பெயரில் வரவு; போதிய அளவு சேர்ந்ததும் இலவச டிக்கெட். சில நாட்களிலேயே யுனைடெட் பின்தொடர்ந்தது. எப்படியும் காலியாகப் போகிற இருக்கையைக் கொடுப்பதில் நஷ்டம் என்ன என்பது அவர்கள் கணக்கு. கீரைக்காரி போடுகிற கொசுறு கறிவேப்பிலை மாதிரி.

கொசுறு பிற்பாடு கடையைவிடப் பெரிதாகிவிட்டதுதான் வேடிக்கை. விமானக் கம்பெனிகள் தங்கள் மைல்களை வங்கிகளுக்குக் காசுக்கு விற்க ஆரம்பித்தன. வங்கிகள் அவற்றைக் கார்டு வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தன. உலகெங்கும் செலவழிக்கப்படாமல் கிடக்கும் மைல்களின் மதிப்பு 70,000 கோடி டாலருக்கு மேல் இருக்கும், புழக்கத்திலுள்ள மொத்த டாலர் நோட்டுகளையும் நாணயங்களையும்விட அதிகம் என்று 2005இல் 'எகானமிஸ்ட்' பத்திரிகை கணக்குப் போட்டது. 2020இல் கோவிட் வந்து விமானங்கள் எல்லாம் தரையில் நின்றபோது, யுனைடெட் ஏர்லைன்ஸ் அடமானம் வைத்தது எதைத் தெரியுமா? தன் மைல் திட்டத்தை. அதற்குப் போட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். பங்குச் சந்தையில் அந்தக் கம்பெனி முழுவதற்குமே அப்போது அவ்வளவு விலை இல்லை.

இப்படி ஒரு நாணயம் இருந்தால் அதற்கென்று பைத்தியங்கள் இல்லாமல் போவார்களா? 1999இல் கலிபோர்னியாவில் ஒரு இன்ஜினியர், ஒரு உணவுக் கம்பெனியின் சலுகை அறிவிப்பைப் பார்த்துவிட்டு 12,150 கிண்ணம் புட்டிங் வாங்கினார். செலவு சுமார் 3,140 டாலர். கிடைத்தது ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் மைல். அவ்வளவு லேபிளையும் உரித்து முடியாது என்று, தின்பண்டத்தைத் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்து, அவர்களையே லேபிளை உரித்துத் தரச் சொன்னார். புண்ணியக் கணக்கில் வரிச் சலுகையும் கிடைத்தது. இன்னும் சிலர், அமெரிக்க நாணயச் சாலை ஒரு டாலர் நாணயங்களைத் தபால் செலவில்லாமல் வீட்டுக்கு அனுப்பியபோது, கிரெடிட் கார்டில் ஆயிரக்கணக்கில் வாங்கி, அந்தப் பெட்டியோடு வங்கிக்குப் போய் அதே நாணயங்களைக் கட்டி, கார்டு பாக்கியைத் தீர்த்தார்கள். நாணயச் சாலை விழித்துக்கொண்டு 2011இல் கார்டு வியாபாரத்தை நிறுத்தியது.

நம் நாட்டில் மைல் சேர்த்தவர்களுக்கு வேறு வகையான அனுபவம். 2012இல் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியபோது அதன் மைல்களும் ஆவியாயின. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. ஆனால் அதன் மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் சாகவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு, உடம்பு போன பிறகும் உலவுகிற ஆவி போல உலவியது. 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு கலந்தபோது அதன் பாயிண்டுகளும் கூடவே குடிபெயர்ந்தன.

இந்த மைல் யாருடையது என்பது ஒரு தீராத கேள்வி. டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பவர் முதலாளி, பறப்பவர் ஊழியர், மைல் வருவது ஊழியர் பெயரில். ஜெர்மனியில் 2002இல் இதுவே ஒரு அரசியல் புயலானது. நாடாளுமன்ற வேலையாகப் பறந்து சேர்த்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குச் செலவழித்ததற்காக கிரிகோர் கீசி என்ற இடதுசாரித் தலைவர் பெர்லின் மாநில அமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். நம் மத்திய அரசின் விதியும் தெளிவானது. அரசுப் பயணத்தில் வரும் மைல் அரசுப் பயணத்துக்கே. சொந்தத்துக்கு எடுத்தால் துறை நடவடிக்கை. தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை. என் கம்பெனியும் கண்டுகொள்ளவில்லை. ஃபரீதாபாத்தில் அச்சு இயந்திரங்கள் செய்யும் நிறுவனம் அது. 1994லிருந்து 2018 வரை அவற்றை வெளிநாடுகளில் விற்பது என் வேலை. டாக்கா, கொழும்பு, நைரோபி, கெய்ரோ, வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை ஐரோப்பா.

மைல் சேர்ப்பவனின் புத்தி எப்படித் திரியும் என்பது சேர்த்தவர்களுக்குத்தான் தெரியும். நேராகப் போகும் விமானத்தை விட்டு, மைல் அதிகம் வருமென்று சுற்றுவழியில் போவான். கணக்கில் பதினெட்டு மாதம் அசைவில்லை என்றால் எல்லாம் காலாவதி என்று ஒரு விதி இருந்தது. அதற்காகவே தேவையில்லாத ஒரு பொருளை அவர்கள் பட்டியலில் தேடி வாங்குவான். என் வீட்டு அலமாரியில் ஒரு ஜெர்மன் சூட்கேஸ் பூட்டு இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது. நடுவில் மகள் கல்லூரிக்குப் போனபோது ஒரு முறை எடுத்துச் செலவழித்தேன். மீதியை மனைவியோடு முதல் வகுப்பில் ஒரு தடவை என்று வைத்திருந்தேன். வைத்திருக்க வைத்திருக்க அதன் மதிப்பு தேய்ந்தது. நான் இலக்காக வைத்திருந்த டிக்கெட்டின் மைல் விலையை ஒரு நாள் காலையில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றிவிட்டார்கள். முன்னறிவிப்பு கிடையாது. ரிசர்வ் வங்கி இப்படிச் செய்தால் பாராளுமன்றத்தில் மைக்குகள் பறக்கும். தவிர, 2015லிருந்து அமெரிக்க நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தூரத்தைக் கைவிட்டு, கொடுத்த காசுக்கு ஏற்ப மைல் என்று மாறின. ஏர் இந்தியாவும் 2024இல் அந்த வழிக்கு வந்தது. மைல் என்ற பெயர் மட்டும்தான் பாக்கி.

என் மனைவி டில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் மத்தியானம் என் பழைய பாஸ்போர்ட்டுகளை எல்லாம் ஒன்றாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் காபியோடு விடை வந்தது.

"நூத்தி நாப்பது தடவை போயிருக்கீங்க. சராசரி ஒம்பது நாள். ஆயிரத்து இருநூத்தி அறுபது நாள். மூணு வருஷம் அஞ்சு மாசம்."

"வேலை தானே?"

"நான் தப்புன்னு சொல்லலையே. விடையைச் சொன்னேன்."

கைவசம் இருந்த மைல் இருவருக்கும் ஒரு வழிக்குத்தான் போதும் என்று தெரிந்ததும், போகும்போது முதல் வகுப்பு, வரும்போது வழக்கம்போல் என்று முடிவானது. ஆனால் மைலை வைத்திருப்பது வேறு, இருக்கை கிடைப்பது வேறு. முதல் வகுப்பில் மொத்தமே எட்டு இருக்கைதான் இருக்கும். காசு கொடுப்பவர் யாரும் வரமாட்டார் என்று நிச்சயமான பிறகே மைல்காரர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள், அதுவும் ஒன்று. தனி ஆளாகப் போகிறவன் சுலபமாகப் போய்விடலாம். தம்பதியாகப் போவதுதான் கஷ்டம். நான் இரண்டு மாதம் தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். ஒன்று இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது. ஒரு கட்டத்தில், "நீங்க முதல் வகுப்புல போங்க, நான் பின்னால வரேன். இது புதுசா என்ன?" என்றாள். பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் இரண்டாகத் திறந்தது. கை நடுங்க அமுக்கினேன். மகளுக்குச் சொன்னபோது, "அப்பா, இதுக்குப் பதிலா நீங்க ரெண்டு பேரும் நாலு தடவை எகானமில வந்திருக்கலாமே" என்றாள். இந்தத் தலைமுறைக்கும் கணக்கு வருகிறது.

கிடைத்த இருக்கைகள் முதல் வரிசையில் இடது ஜன்னல் ஒன்று, வலது ஜன்னல் ஒன்று. நடுவில் இரண்டு நடைபாதைகள். முதல் வகுப்பில் இப்போது விற்கப்படும் சரக்கு தனிமை. ஒவ்வொரு இருக்கையைச் சுற்றியும் மார்பளவு தடுப்பு. சில விமானங்களில் கதவே இருக்கிறது. எகானமியில் நாற்பத்து மூன்றாவது வரிசையில் முழங்கை இடித்துக்கொண்டு போகும் தம்பதிக்கு இருக்கும் நெருக்கம், பல லட்சம் கொடுத்தவர்களுக்கு இல்லை. இதைச் சரிக்கட்டத்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2007இல் ஏ380 விமானத்தில் இரண்டு அறைகளைச் சேர்த்து இரட்டைக் கட்டில் போட்டது. போட்ட கையோடு, அறைகள் சத்தம் தாங்காதவை, ஆகவே பிரயாணிகள் கண்ணியம் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. கட்டிலையும் போட்டுக் கட்டுப்பாட்டையும் போடும் இந்தத் திறமை, கூட்டுக் குடும்பங்களில் வளர்ந்த நமக்குப் புதிதல்ல. எத்திஹாட் 2014இல் ஒரு படி மேலே போய், இரண்டு பேருக்கு மட்டும் கூடம், படுக்கையறை, குளியலறை என்று மூன்று அறை வீட்டையே விமானத்துக்குள் வைத்தது. எமிரேட்ஸ் ஏ380இல் குளிக்கலாம். தண்ணீர் ஐந்து நிமிடம். டில்லிக்காரர்களுக்கு அதுவே தாராளம்.

முதல் பாதிப் பயணம் தூக்கத்தில் போனது. அவளுக்கு. ஒரு பெண் வந்து இருக்கையை மடக்கி, மெத்தை விரித்து, தலையணையைத் தட்டிக் கொடுத்து, இரவு உடையும் கொடுத்துவிட்டுப் போனாள். இரவு உடையைப் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டாள் என் மனைவி, அண்ணன் மகனுக்கு ஆகுமென்று. பிறகு புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏழு மணி நேரம் தூங்கினாள். நான் தூங்கவில்லை. இருபத்து நாலு வருஷம் பின் வரிசைகளில் உட்கார்ந்தே தூங்கிப் பழகிய உடம்பு படுத்தால் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை எழுந்து நடந்து, அந்தப் பக்கம் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை பணிப்பெண், "ஏதாவது வேண்டுமா சார்?" என்றாள். ஒன்றும் வேண்டாம், என் மனைவி என்றேன். அவள் சிரித்துக்கொண்டு விலகிவிட்டாள்.

விமானம் மாறும் ஊரில் முதல் வகுப்புக்காரர்கள் காத்திருக்கும் இடத்தில் சுடுதண்ணீர்த் தொட்டியோடு குளியலறைகள் இருந்தன. "ஏர்போர்ட்ல போய் யாராவது குளிப்பாங்களா?" என்று மறுத்துவிட்டாள்.

இரண்டாவது விமானம் பகல். அதிலும் அதே இரண்டு ஓரங்கள். ஆனால் அங்கே ஒரு வசதியைக் கண்டுபிடித்தோம். ஒவ்வொரு இருக்கைக்கு எதிரிலும் கால் வைக்கிற குட்டி மேடை ஒன்று இருக்கிறது. அதில் இன்னொருவர் உட்கார்ந்து, நடுவில் பலகையை இழுத்துப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து இருவராகச் சாப்பிடலாம். பணிப்பெண்தான் சொன்னாள். முந்தின இரவு நான் நடந்ததைப் பற்றி அவர்களுக்குள் ஏதேனும் தகவல் பரிமாற்றம் இருந்ததோ என்னவோ.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எங்களுடையது ஏ.வி.எம்.எல். நம் வடபழனி ஸ்டுடியோ பெயர் போல ஒலிக்கும் இந்தச் சங்கேதத்துக்கு ஆசிய சைவ உணவு என்று பொருள். முன் வரிசையானாலும் பின் வரிசையானாலும் பனீரும் பட்டாணியும்தான்; முன்னால் பீங்கான் தட்டில் வருகிறது, அவ்வளவே. பக்கத்தில் ஒரு கனவான் மீன் முட்டையைச் சிப்பிக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தட்டைப் பார்த்து அவர் பரிதாபப்பட்டார். அவர் தட்டைப் பார்த்து என் மனைவி. ஆகாயத்தில் ருசி மட்டுப்படும் என்பது நிரூபணமான விஷயம். லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃப்ராவுன்ஹோஃபர் ஆய்வு நிலையம் 2010இல் சோதித்துப் பார்த்ததில், குறைந்த காற்றழுத்தத்தில் நாக்குக்கு உப்பு சுமார் 20 முதல் 30 சதவீதமும், இனிப்பு 15 முதல் 20 சதவீதமும் மந்தமாகத் தெரிகின்றன என்று கண்டார்கள். தரையில் சீண்டாத தக்காளிச் சாற்றை மேலே போனதும் ஜனங்கள் கேட்டு வாங்கிக் குடிப்பது இதனால்தான். இந்த ஆராய்ச்சி எதுவும் தெரியாமலே நம் பெண்கள் பல காலமாகக் கைப்பையில் எலுமிச்சை ஊறுகாய் எடுத்துப் போகிறார்கள். அவளும் எடுத்தாள்.

கீழே கிரீன்லாந்து. மேகமே இல்லை. வெள்ளையும் நீலமுமாக மலைகள், நடுவில் உறைந்த ஆறு. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா கடைசி வரை பிளேன்ல ஏறவே இல்லை" என்றாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் நாலு வருஷத்துக்கு ஒரு முறை 'ட்ருபா' என்று அச்சு இயந்திரக் கண்காட்சி நடக்கும். எங்கள் தொழிலுக்கு அது கும்பமேளா. 2004இல் மே 6 முதல் 19 வரை நடந்தது. 11ஆம் தேதி மத்தியானம் ஸ்டாலில் நிற்கும்போது காரைக்குடியிலிருந்து போன். என் மாமனார் போய்விட்டார். என் மேலதிகாரி நல்ல மனிதர். உடனே கிளம்பு என்றார். அன்று இரவே வளைகுடா வழியாகச் சென்னைக்கு வேறொரு கம்பெனி விமானத்தில் இடம் இருந்தது. என் வழக்கமான கம்பெனியில் மறுநாள்தான் இடம். அந்த வருஷம் தங்க அட்டைக்கு எனக்கு ஒரு பயணம் குறைந்தது. போதாததற்கு அந்த இரண்டு மாதம் இரட்டை மைல் சலுகை. மே மாத வெயில், எப்படியும் நான் போவதற்குள் எடுத்துவிடுவார்கள், ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் என்ன என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். போனில், "சீட் கிடைக்கலை" என்றேன். 13ஆம் தேதி சென்னையில் இறங்கியபோது விமான நிலைய டி.வி. முன்னால் கூட்டம். தேர்தல் முடிவு. தமிழகத்தில் 39க்கு 39 என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். காரைக்குடி போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பால் தெளிப்பு முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் உள் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏன் அந்த நேரத்தில் சொல்லத் தோன்றியது என்று தெரியவில்லை. எதிரெதிரே, முழங்கால் இடிக்க, அப்படி உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. எழுந்து போக வேறு இடமும் இல்லை. சொன்னேன். வளைகுடா விமானத்தில் இடம் இருந்தது என்றும், ஏன் அதில் வரவில்லை என்றும்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அண்ணன் அன்னைக்கே திருச்சியில ஒரு டிராவல்ஸ்ல விசாரிச்சாங்க. துபாய் வழியா ராத்திரி சீட் இருக்குன்னாங்க. இருக்குன்னா ஏன் வரலைன்னுதான் எனக்குப் புரியலை. ஜூலைல உங்க ஸ்டேட்மெண்ட் வந்தது. தபால் எல்லாம் நான்தானே பிரிக்கிறது. பன்னண்டாம் தேதிக்கு நேரா ரெட்டை மைல்னு போட்டிருந்தது."

"ஏன் கேட்கலை?"

"கேட்டா வேற ஏதாவது காரணம் சொல்லியிருப்பீங்க."

பணிப்பெண் வந்து தட்டுகளை எடுத்துவிட்டு, துணியிலிருந்த துணுக்குகளை ஒரு சின்னத் தகட்டால் வழித்தாள். ஐஸ்கிரீம் வந்தது. மனைவி ஒரு கரண்டி எடுத்துவிட்டு, "அந்த மைலும் இந்த டிக்கெட்டுல இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கும் என்றேன். எல்லாவற்றையும் வழித்துத்தான் இந்த டிக்கெட்டை வாங்கியிருந்தேன்.

"எவ்வளவு?"

ஒரு வழிக்கு ஐயாயிரத்துக்குப் பக்கம், இரட்டித்தால் பத்தாயிரத்துக்குப் பக்கம் என்றேன். மனசுக்குள் ஏதோ வகுத்துப் பார்க்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. விடையை என்னிடம் சொல்லவில்லை. ஐஸ்கிரீமை முழுக்கச் சாப்பிட்டாள். பிறகு அவள் இடத்தில் அவள், என் இடத்தில் நான். சிகாகோ வர இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. நடுவில் ஒரு தரம் அவள் எழுந்து இந்தப் பக்கம் வந்து, ஊறுகாய் பாட்டிலை என் பையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் பையில் எண்ணெய் கசிகிறதாம்.

மகளும் மாப்பிள்ளையும் விமான நிலையத்துக்கு வந்திருந்தார்கள். முதல் வகுப்பு எப்படி இருந்தது என்று பேரன் கேட்டான். "தூக்கம் நல்லா வந்தது" என்றாள் அவன் பாட்டி. எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. ஆறு வாரம் இருந்தோம். பாத்திரம் தேய்க்கும் மெஷினில் ஈயச்சொம்பைப் போடலாமா என்பது பற்றி ஒரு சின்ன சச்சரவு தவிர விசேஷமில்லை. திரும்பும்போது நாற்பத்தொன்றாவது வரிசை, நடுவில் கழிவறை வரிசை, முன்னால் ஒரு கைக்குழந்தை. பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவள் தூங்கவே இல்லை. கால் மரத்துப்போனதாக வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இப்போது என் கணக்கில் 3,412 மைல் பாக்கி. இந்த டிசம்பருக்குள் ஏதாவது வாங்கினால் ஆயுள் நீடிக்கும் என்று கடிதம் வந்திருக்கிறது. பட்டியலில் ஒரு டோஸ்டரும் ஒரு குடையும் இருக்கின்றன. பதில் போடவில்லை.

மாமனாரின் திதி சித்திரையில் வரும். இத்தனை வருஷத்தில் ஒரு திதிக்கும் நான் போனதில்லை; வேலையில் இருந்தவரை அந்த மாதம் எங்கேயாவது கண்காட்சி இருக்கும், ஓய்வுக்குப் பிறகு டில்லி வெயில், முழங்கால் என்று ஏதாவது இருந்தது. அவள் தனியாகப் போய் வந்துவிடுவாள். வருகிற சித்திரைக்கு மதுரை வரை இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறேன், காசு கொடுத்து. பதினேழாவது வரிசை. ஜன்னல் அவளுக்கு, நடு இருக்கை எனக்கு. மதுரையில் ஒரு டாக்ஸி சொல்லியாகிவிட்டது. மேலூர் வழி. திருப்பத்தூரில் காபிக்கு நிறுத்தச் சொல்லியிருக்கிறாள்.